கூப்பிட வருவதற்கு ஓர் எழுத்து

அக்டோபர் 7

இன்றிலிருந்து என்னை வண்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை மாடியில், படுத்த படுக்கையாக இருப்பவர்களோடு இருந்தேன். இனிமேல் கீழே, பகலில் மட்டும் வந்து போகும் பெரியவர்களோடு. காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய் அவர்களைக் கூட்டி வர வேண்டும். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, நாலு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.

இந்த வேலைக்கு ஜப்பானில் ‘ஸோகே’ என்று பேர். இரண்டு எழுத்து. முதல் எழுத்து கொண்டுவிடுவது. இரண்டாவது எழுத்து கூப்பிடப் போவது. வண்டித் தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக அதைக் கையால் எழுத வேண்டும். பதினொரு பேருக்கு எழுதினேன். பதினொன்றும் தப்பு.

மேற்பார்வை பார்க்கும் முராயாமா அம்மா தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “கோமதி சான், முதல் எழுத்து சரி. இரண்டாவது எழுத்து இப்படி ஒன்று கிடையாது” என்றார். (சான் என்பது இங்கே எல்லோர் பேருக்கும் பின்னால் போடுகிற மரியாதை.) கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

வண்டி ஓட்டுகிற ஒகாதா சான்தான் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினார். 迎. அறுபத்தேழு வயது மனிதர், முன்பு ஊர் பஸ் ஓட்டியவர். “கீழே நீளமாப் போறது பாதை. மேலே இடது பக்கம் ஒருத்தர் நிக்கிறார். வலது பக்கம் ஒருத்தர் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கார். நீங்க நிக்கிறவருக்கு ஒரு கோடு கூடுதலாப் போட்டுட்டீங்க.”

என் மகள் சுபி இங்கே வந்த பிறகு படிக்கட்டும் என்றுதான் இந்த நோட்டில் எழுதுகிறேன். அதனால்தான் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதுவது. நாள் முழுக்கத் தமிழில் ஒரு சொல் பேச ஆள் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

அக்டோபர் 13, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். அரிசி வாங்கினேன். 迎 என்ற எழுத்தை இருநூறு தடவை எழுதினேன்.

முகாயேரு என்றால் எதிர்கொண்டு அழைப்பது. ‘முகாயே’ என்று நிறுத்தினால் கூப்பிட வருகிற ஆள், அல்லது கூப்பிட வருகிற காரியம். ஸ்டேஷனுக்கு முகாயே, பாலர் பள்ளிக்கு முகாயே. ‘கங்கே’ என்றால் வரவேற்பு, கடை வாசலில் எழுதியிருப்பார்கள். புதுவருஷத்தையும் இவர்கள் முகாயேரு என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் நாம் வாசலில் போய் அழைக்க வேண்டிய விருந்தாளி மாதிரி. பிறந்தநாளுக்கும் இதே சொல்தான். நம் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்கிறோமே, அந்த அழைப்புக்கு இந்த எழுத்தைத்தான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் பரீட்சை. பராமரிப்புத் தொழிலுக்கு அரசாங்கம் நடத்துகிற பரீட்சை, நூற்றிருபத்தைந்து கேள்வி. எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எழுத்தின் தலையில் உச்சரிப்பு அச்சடித்துத் தருவார்கள். ஆனாலும் எழுத்து தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேகம் ஒன்றாகுமா. பாஸானால் விசா மாறும். மாறினால் பிள்ளையைக் கூட்டி வந்து கூடவே வைத்துக்கொள்ளலாம்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவளிடம் சொல்லிவிட்டு வந்தது அதுதான். “மூணே வருஷம். பாஸ் பண்ணிட்டு அம்மா உன்னைக் கூப்பிட வாரேன்.” அப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் அப்பா இறந்துபோய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அக்டோபர் 20

சுபியோடு பேசினேன். பதினோரு நிமிஷம்.

“சாப்பிட்டீங்களா? அங்க குளிரா?” என்று கேட்டாள். வாங்க போங்க என்று எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள். ஆவுடை அக்கா நன்றாக வளர்த்திருக்கிறாள். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளை வளர்க்க அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

பாதியில் படம் நின்றுவிட்டது. அவள் முகம் வேறு பக்கம் திரும்பினபடியே உறைந்து நின்றது. சிக்னல் சரியில்லை.

நவம்பர் 6

இன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்பது வயது தாத்தா ஒருவர் பெருமூச்சு விட்டு, “எனக்கு முகாயே இன்னும் வரமாட்டேங்குது” என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி நாலு மணிக்கு வந்துரும். நீங்கதான் முதல் ஆள்” என்றேன். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜையும் சிரித்தது. ஒகாதா சான்தான் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். வயசானவர்கள் ‘முகாயே வரவில்லை’ என்றால், என்னைக் கொண்டுபோக மேலேயிருந்து இன்னும் ஆள் வரவில்லை என்று அர்த்தமாம்.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாதவர் கியோ சான் மட்டும்தான். தொண்ணூற்றொரு வயது. மறதி நோய். மத்தியானம் இரண்டு மணி ஆனதும் எழுந்துபோய்க் கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, செருப்பு அலமாரி பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். போகிற வருகிற ஆளிடமெல்லாம் கேட்பார்: “என் முகாயே வந்தாச்சா?” இது அந்தத் தாத்தா சொன்ன முகாயே இல்லை. நிஜமாகவே யாரோ கூப்பிட வருகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.

“யார் வரணும்?” என்று கேட்டேன்.

“அம்மா.”

நவம்பர் 19

சுபிக்கு இன்று பதினோரு வயது.

வேலை முடிந்து ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். அங்கே இரண்டு மணி, பள்ளிக்கூடம். மறந்துபோனேன். ஏழரைக்கு மறுபடி. அக்காதான் எடுத்தாள். “நீ அனுப்புன காசுல எடுத்த புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஃபிரண்ட்ஸோட கேக் வெட்டப் போயிருக்கா கோமு. வந்ததும் பேசச் சொல்லுதேன்” என்றாள். சங்கரபாண்டி அத்தான் பின்னாலிருந்து, “பலூன் எங்க வச்சிருக்க ஆவுடை” என்று கேட்டது காதில் விழுந்தது. பிள்ளையின் சிரிப்பும் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

ஒன்பதரை வரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சைப் பாடம் படித்தேன். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எப்படி ஊட்டுவது என்ற பாடம். அதில் எனக்குப் பத்துக்குப் பத்து.

நவம்பர் 20

சுபி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “தேங்க்ஸ். டிரஸ் அழகா இருந்துச்சு.” நான்கு தடவை கேட்டேன்.

டிசம்பர் 3

முதல் பனி.

டிசம்பர் 18

முழங்கால் வரை பனி. வண்டி மெதுவாகத்தான் போகிறது. கியோ சான் வீடு ஊர்க் கடைசி. அவரை இறக்கிவிடப் போனபோது ஒகாதா சான் சக்கரத்தில் சங்கிலியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கியோ சானின் மருமகள் என்னை உள்ளே கூப்பிட்டுச் சூடாகத் தேநீர் கொடுத்தார். அறுபது வயது இருக்கும். கடுமையான முகம், ஆனால் என் கையுறையை வாங்கி அடுப்புப் பக்கம் காயவைத்தார்.

“அங்கேயும் அம்மா வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களா?” என்றார்.

“ஆமா. தினமும்.”

அப்போதுதான் சொன்னார். கியோ சான் ஒன்பது வயதில் மலைக் கிராமத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தாராம். ஒரு மதுபானம் காய்ச்சுகிற வீட்டில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்கிற வேலை. யுத்த காலம். பனி உருகினதும் வந்து கூட்டிப் போகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாராம்.

“வரவே இல்லையா?” என்று கேட்டேன்.

“நாங்களும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சோம். அவங்க தங்கச்சி சாகறதுக்கு முன்னாடி சொல்லித்தான் தெரியும். அம்மா வந்தாங்களாம். மூணு வருஷம் கழிச்சு. நடந்தே வந்தாங்களாம். இவங்கதான் பீப்பாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வெளியிலேயே வரலை. அந்த வீட்டுக் குழந்தையை விட்டுட்டுப் போகமாட்டேன்னு. அம்மா பொழுது சாயற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

ஒகாதா சான் ஹார்ன் அடித்தார். தேநீர் மிச்சம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தாளில் எழுதியது: கியோ சான், 4.25, வீட்டில் விடப்பட்டார், நலம். எழுத்து எல்லாம் சரியாக இருந்தது.

டிசம்பர் 22

படிக்க உட்கார்ந்தால் ஓடவில்லை. கியோ சானின் அம்மா வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்? பீப்பாய்க்குப் பின்னாலிருந்து பார்த்தால் அவர் தெரிந்திருப்பாரா? கேட்டிருக்க வேண்டும். இனிமேல் கேட்க முடியாது, அது நாகரிகமில்லை.

ஜனவரி 1

புதுவருஷம். அரைநாள் வேலை. சுபி போனில் “ஹேப்பி நியூ இயர்” என்றாள். பின்னாலிருந்து அக்கா ஏதோ சொல்லிக்கொடுக்க, “உடம்பைப் பாத்துக்கோங்க” என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஜனவரி 12

முராயாமா அம்மா பரீட்சைக்கு முந்தின நான்கு நாளும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். “இரண்டு தடவை ஊருக்குப் போய்ட்டு வரச் சொல்லியும் நீங்க போகலை. லீவெல்லாம் அப்படியே கிடக்கு. எதுக்குச் சேர்த்து வைக்கிறீங்க?” என்று கேட்டார். பாஸானதும் மொத்தமாகப் போவதற்கு என்றேன்.

அது நிஜம்தான். நடுவில் போயிருந்தால் திரும்பி வர மனசு வந்திருக்காது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பரீட்சை எழுதிவிட்டேன். பெரிய மண்டபம், பக்கத்தில் ஒரு வியட்நாம் பெண், அந்தப் பக்கம் தலை நரைத்த ஜப்பானியர். பரீட்சைத் தாளில் ஓரிடத்தில், பகல் பராமரிப்புக்கு வரும் முதியவரை வீட்டில் விடும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. தினமும் செய்கிற காரியம். அந்த எழுத்து வந்த இடத்தில் மேலே போட்டிருந்த உச்சரிப்பைப் பார்க்காமலே வாசித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். “நல்லா எழுதியிருக்கேன்க்கா.”

“சரிட்டி” என்றாள். பிறகு, “கோயில்ல கோமதியம்மாளுக்கு விளக்கு போடுதேன்” என்றாள். எதற்காகப் போடுவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 10

காலையில் கியோ சான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மணி அடித்தோம். மருமகள் கறுப்பு உடையில் வந்தார். விடியக்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். இல்லத்துக்குப் போன் செய்ய மறந்துவிட்டதாகவும், எங்களை வீணாக அலைய வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் குனிந்து குனிந்து சொன்னார். ஒகாதா சான் தொப்பியைக் கழற்றினார். நானும் குனிந்தேன்.

வண்டித் தாளில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. “வரவில்லை என்று போடுங்க” என்றார் ஒகாதா சான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தேன்.

மார்ச் 24

பாஸ்.

இரண்டு மணிக்கு முடிவு வந்தது. முராயாமா அம்மா என் எண்ணைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கையைத் தட்ட, பெரியவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று தெரியாமலே தட்டினார்கள். ஒகாதா சான், “இனி நீங்க உங்க பொண்ணைக் கூப்பிடப் போகலாம்” என்றார். அதே சொல்லைத்தான் சொன்னார்.

போன் செய்தேன். அக்கா “அப்படியா” என்றாள். பிறகு “நல்லதுட்டி, நல்லது” என்றாள். பிறகு போனை சுபியிடம் கொடுத்தாள்.

“அம்மா பாஸாயிட்டேன் சுபி.”

“வாழ்த்துகள்.”

“ஆகஸ்ட்ல இங்க வந்துரலாம். இங்க ஸ்கூல் நடந்து போற தூரம்தான். வழியெல்லாம் செர்ரி மரம்.”

“எனக்கு ஏப்ரல்ல ஆனுவல் எக்ஸாம் இருக்கு” என்றாள். “படிக்கணும். வச்சிரட்டா?”

பொறுப்பான பிள்ளை.

ஏப்ரல் 24, சங்கரன்கோவில்

வந்து சேர்ந்தேன். வெயில் முகத்தில் அறைகிறது. ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும் வந்திருந்தார். நாளைக்குக் கடைசிப் பரீட்சை, அதனால் பிள்ளையைக் கூட்டி வரவில்லை என்றார்.

வீட்டு வாசலில் அவள் நின்றாள். என் தோள் உயரம். அவள் முகத்தில் பாதிக்கு மேல் என் சாயல். “வாங்க” என்றாள். கட்டிப்பிடித்தேன். அவளும் கையை என் முதுகில் வைத்தாள், யாரோ வைக்கச் சொன்ன மாதிரி.

பிறகு உள்ளே திரும்பி, “ஏம்மா, நீ தோசை ஊத்திட்டியா, எனக்குப் பசிக்கி” என்று கத்தினாள். நான் பதில் சொல்ல வாய் எடுத்துவிட்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து ஆவுடை அக்கா, “வந்துட்டேன்ட்டி” என்றாள்.

ஏப்ரல் 26

கொண்டுவந்த சாமான்களைக் கொடுத்தேன். பென்சில் பெட்டி, குளிர் கோட்டு, எழுத்துப் பழக ஒரு நோட்டு. கோட்டு சின்னது. நான் எட்டு வயதுக்கு அளவெடுத்திருக்கிறேன் போல.

அவளுக்கு ஜப்பான் எழுத்து ஒன்று சொல்லித்தரவா என்று கேட்டேன். சரி என்றாள். 迎 எழுதிக் காட்டினேன். ஒரே தடவையில் சரியாக எழுதினாள். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள்.

“ஒருத்தங்களைக் கூப்பிடப் போறது.”

நோட்டை மூடினாள். பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தாள். “அவங்க வரமாட்டேன்னு சொன்னா?” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“யாரு வரமாட்டேன்னு சொன்னா?”

“சும்மா கேட்டேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 28

விசாவுக்கு வேண்டிய தாள்களை எடுக்கலாம் என்று சுபியின் பையைத் திறந்தேன். பிறப்புச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதில் தாய் என்று என் பெயர். பையில் பள்ளிக்கூட அடையாள அட்டை இருந்தது. தாய்: ஆவுடையம்மாள். தந்தை: சங்கரபாண்டி.

அக்கா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“நான் மாத்தலட்டி” என்றாள். “போன ஜூன்ல புது ஸ்கூல்ல சேத்தோம்லா. அந்த டீச்சர், அட்டையில போட அம்மா அப்பா பேரு என்னன்னு அவகிட்டதான் கேட்டாவ. இவ என் பேரையும் அத்தான் பேரையும் சொல்லிட்டா. நான் இல்ல டீச்சர்னு சொல்ல வாயைத் தொறந்தேன். என் கையைப் பிடிச்சு அமுக்குனா. சொல்லாதன்னு. நான் என்னட்டி செய்ய?”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“எத்தனையோ தடவை சொல்லலாம்னு நெனச்சேன். நீ அங்க ஒத்தையில கிடந்து படிக்க. எப்படிச் சொல்ல?” அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உன் பிள்ளை. நீ கூட்டிட்டுப் போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். ரெண்டு நாள் அழுவா, பெறகு சரியாயிருவா. நானும் சரியாயிருவேன்.”

அவள் அழவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் முதலில் அழுகிறவள் அவள்தான்.

அட்டையைப் பையில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஏப்ரல் 30

இன்று பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு கொடுத்தார்கள். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அப்படியே மாற்றுச் சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் காலையில் கடிதம் எழுதி வைத்திருந்தேன். மூன்று பேரும் போனோம். சுபி நடுவில் நடந்தாள். கையில் தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வகுப்பு டீச்சர் இளம் பெண். அக்காவைப் பார்த்ததும் சிரித்தார். “வாங்கம்மா. சுபிக்‌ஷா தமிழ்ல தொண்ணூத்தாறு” என்றார். என்னைப் பார்த்து, “இவங்க?” என்று சுபியிடம் கேட்டார்.

சுபி தலையைக் குனிந்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நான்கைந்து அம்மாக்கள், அவர்களுடைய பிள்ளைகள். எல்லாம் சுபியோடு படிக்கிற பிள்ளைகள். ஒருத்தி சுபியின் பின்னலைப் பிடித்து இழுத்து விளையாடினாள். சுபி திரும்பவில்லை. பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

டீச்சர் மறுபடி, “சுபிக்‌ஷா, உன்னைத்தான் கேக்கேன். யாரு இவங்க?” என்றார்.

“நான் சித்தி” என்றேன். “அவங்கதான் அம்மா. ஜப்பான்ல இருக்கேன், லீவுக்கு வந்திருக்கேன்.”

“ஓ, ஜப்பானா” என்று டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார். ரேங்க் கார்டை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். “போடுக்கா” என்றேன். போட்டாள்.

கடிதத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை.

மே 1

அக்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று மீன் வாங்கி வந்து எனக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டாள்.

மே 2

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். சுபி பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

“ஏன் சித்தின்னு சொன்னீங்க?” என்றாள்.

“நீ தலையைக் குனிஞ்சு நின்னியே. அதைப் பாக்க முடியல.”

“நான் உங்களை அம்மான்னு சொல்லத்தான் நெனச்சேன். வரல.”

“தெரியும்.”

“நான் வரலைன்னா உங்களுக்கு அழுகையா வருமா?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். “வரும்” என்றேன்.

“ரொம்பவா?”

“ஆமா.”

அவள் கிளிப்பை எண்ணிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: “நீங்க போனப்ப நான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். ஸ்கூல் விட்டு வாரப்ப. ஒரு வருஷம். அம்மாதான் தேடி வந்து கூட்டிட்டுப் போவா. திட்டமாட்டா. ஒரு நாள் ரொம்ப மழை. அன்னைக்கும் வந்தா. அதுக்கப்புறம் நான் போகல.”

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போனில் பேசின அந்த எத்தனையோ நூறு நிமிஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“உனக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப சொல்லு” என்றேன். “நான் வாரேன். தோணலைன்னாலும் சரிதான்.”

“தோணலைன்னா கோபப்படுவீங்களா?”

“மாட்டேன்.”

துணியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். படியில் அவள் முன்னால் இறங்கினாள். கீழே போய் அவள் பங்கை அக்கா மடியில் போட்டாள். நான் என் பங்கைக் கட்டிலில் வைத்து மடித்தேன். அதில் அவள் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றும் இருந்தது. காலரில் மை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதையும் மடித்தேன்.

மே 4, ரயிலில்

எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அத்தான் பெட்டியை ஏற்றிவிட்டார். அக்கா என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டாள். சுபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்றாள். வண்டி நகர்ந்ததும் கையை எடுத்துவிட்டாள். அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்துவது தெரிந்தது. பிளாட்பாரம் முடிகிற வரை இருவரும் நின்றார்கள்.

எதிர் சீட்டில் ராஜபாளையத்துக்குப் போகிற ஓர் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“யாரும்மா அந்தப் பிள்ளை?”

“அக்கா மக.”

“அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கே” என்றார்.

“ஆமா” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு இட்லியை இலையில் வைத்து என் பக்கம் தள்ளினார். மிளகாய்ப்பொடியில் எண்ணெய் அதிகம். வாங்கிச் சாப்பிட்டேன்.